தூரம், தொலைவு, சேய்மை



தில்லியில் அமர்ந்து நடுவண் அரசின் வெளியீடுகளைத் தமிழாக்குவது என் தொழில். அண்மையில் ‘டிஸ்டன்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில் வந்து என் பேனாவை நிறுத்திவிட்டது. முதலில் அது ஒரு சிற்றூரைக் குறித்தது. அடுத்து ஓர் உறவினரை. மூன்றாவதாக, முகங்கொடுத்துப் பேசாத ஒரு மனிதரை. ஊரைத் தொலைவிலுள்ள ஊர் என்றேன். உறவினரைத் தூரத்து உறவினர் என்றேன். மூன்றாமவருக்கு இவ்விரண்டும் பொருந்தவில்லை. ‘ஒட்டாதவர்’ என்று எழுதிவிட்டு மேலே சென்றேன். ‘பட்டும் படாமலும் பழகுபவர்’ என்று எழுதியிருக்கலாமே என வீடு திரும்பும் பேருந்தில்தான் தோன்றிற்று.

தூரம் வடசொல். இங்கே இந்தியில் நாள்தோறும் நம் காதில் விழுவதும் அதுவே. பாரசீகத்திலும் அதற்கு உடன்பிறப்பு உண்டு. அளந்து சொல்லத்தக்க சொல் அது: சென்னைக்கும் தில்லிக்கும் இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தூரம். தொலைவின் சாயல் வேறு. தொலைதல் என்றால் அழிதல், காணாமற்போதல். ‘தொலைந்து போ’ என்பது வசையன்றோ?

சேய்மையோ பேச்சு வழக்கில் மறைந்து, இலக்கணத்தில் வாழ்கிறது. சேய் என்றால் குழந்தை என்றும் பொருள். இரண்டுக்கும் வேர் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. வெளியூரில் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார்க்கு அவ்வெண்ணம் வாராமலிராது. நன்னூலார் விளி வேற்றுமைக்கு விதி சொல்லும்போது, அருகிலிருப்பவனை இயல்பாகவே அழைக்கலாம் என்றார். ‘தம்பி’ என்றாலே போதும். சேய்மையிலிருப்பவனுக்குக் குரல் அளபெடுத்து நீள வேண்டும், ‘தம்பீஇ’. புலம்பலுக்கு ஓகாரம், ‘தம்பியோ’. எட்ட இருப்பவனை அழைப்பதற்கு ஓர் ஓசையும், இழந்தவனை எண்ணி அழுவதற்கு வேறோர் ஓசையும் வகுத்த நுட்பத்தை எண்ணி வியக்கிறேன்.

கும்பகோணத்துக்கு அருகே வாழும் என் தாயார் தொலைபேசியில் ‘தம்பீ’ என்று வயல் வரப்பில் நின்று கூவுவதுபோல அழைப்பார். ‘மெதுவாகப் பேசினாலே கேட்கும் அம்மா’ என்று பலமுறை திருத்தினேன். அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதன் பின்னர் எங்கள் உரையாடல், சாப்பாடு, உடல்நலம் என்ற இரு வினாக்களில் முடியலாயிற்று. சென்ற பொங்கலன்று, ‘நீ ரொம்ப தூரமாயிட்டேப்பா’ என்றார். நானோ இரயில் வசதியையும் விடுமுறைக் கணக்கையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது அந்தப் பக்கத்தின் மூன்றாம் மனிதரைத்தான் என்பது, நன்னூலைத் திருப்பிப் பார்த்த இரவில் விளங்கிற்று.

இப்போது ஞாயிறுதோறும் என் மகள் பேசுகிறாள். தமிழ் அவளுக்கு அரைகுறைதான்; எனினும் ‘பாட்டீஇ’ என்று அளபெடை பிசகாமல் கூவுகிறாள். மறுமுனையிலும் பழைய குரல் திரும்பிவிட்டது. போன வாரம் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி, ‘உங்கள் வீட்டில் யாருக்கேனும் காது கேளாதோ?’ என்று இந்தியில் பரிவுடன் வினவினார்.