செய்தி லயத்துக்கு வந்து சேரும் வழி

இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் போகாமல், இன்றைய சம்பளப் பேரையும் விட்டுவிட்டுப் பிள்ளையின் பட்டத்தைப் பார்க்க வந்திருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே!

இந்தத் தேயிலை மலைகளில் ஒரு செய்தி தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்கு வந்து சேர வேண்டுமானால், எப்போதும் அது இன்னொருவர் கையைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் தோட்டத்து மக்களின் நிலையை நேரில் அறிய விரும்பியபோது, அவரால் நேர்வழியில் உள்ளே போக முடியவில்லை. அத்துமீறல் சட்டம் வாசலில் நின்றது. புடவை வியாபாரியாக வேடமிட்டுத்தான் லயங்களுக்குள் நுழைந்தார். பிறகு பத்திரிகை நடத்தினார், துண்டுப்பிரசுரம் அடித்தார், 1931இல் தொழிற்சங்கம் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டாகவே செய்தியைச் சொன்னார். படிக்கத் தெரியாதவர் காதுக்குள் விஷயத்தைக் கொண்டுசேர்க்க அதைவிடச் சிறந்த வழி அன்று இருக்கவில்லை.

கடிதத்தின் கதையும் அப்படித்தான். நெடுங்காலமாக லயத்துக்கென்று தனி முகவரி இருக்கவில்லை. தபால் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கழிந்த பிறகு கைக்குக் கிடைத்த கதைகள் இங்கே பல குடும்பங்களில் உண்டு.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? இணைய வசதியில் நமக்கிருக்கும் இடைவெளி நேற்று முளைத்த ஒன்று என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு முறையும் கடைசியில் நிற்பது தோட்டம். பழைய கதவுதான் புதிய பூட்டோடு நிற்கிறது.

அதைத் திறக்க ஒரு நல்ல முயற்சி நுவரெலியா மாவட்டத்தில்தான் நடந்தது. உலகமே பேசிய அந்த முயற்சியை நம் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் கட்டியபோது ஊர்கள் தண்ணீருக்குள் போயின, மக்கள் இடம் மாறினார்கள். அந்தப் பகுதிக்கென்று 1989இல் கொத்மலை சமூக வானொலி தொடங்கியது. பத்து வருடம் கழித்து, 1999இல், யுனெஸ்கோவின் துணையோடு அந்தச் சிறிய நிலையத்துக்கு இணையம் வந்தது. வீட்டுத் தொலைபேசியே அபூர்வமாக இருந்த காலம் அது.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். ஒரு நோயைப் பற்றி இருக்கும், பயிரைப் பற்றி இருக்கும், ஒரு சட்டத்தைப் பற்றி இருக்கும். அறிவிப்பாளர் ஒலிபரப்பிலேயே இணையத்தில் தேடுவார். ஆங்கிலத்தில் கிடைத்ததை நேயர்களின் மொழியில் விளக்குவார். விஷயம் தெரிந்த ஒருவர், வைத்தியரோ வழக்கறிஞரோ, பக்கத்தில் இருந்து சரிபிழை சொல்லுவார். கணினியைத் தொட்டே பார்க்காத ஒருவர் அடுப்படியில் வேலை செய்துகொண்டே தன் கேள்விக்குப் பதில் கேட்டார். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் மக்கள் தாங்களே இணையத்தைப் பயன்படுத்த இலவச இடம் ஒதுக்கினார்கள். பின்னர் பல நாடுகளில் சமூகப் பல்லூடக மையங்களை யுனெஸ்கோ தொடங்கியபோது கொத்மலைதான் அதற்கு முன்மாதிரி.

ஆனால் ஒரு குறை இருந்தது. அந்த ஒலிபரப்பின் பெரும்பகுதி சிங்களத்தில். சுற்றிலும் இருந்த தேயிலைத் தோட்டங்களில் பேசப்பட்டது தமிழ். அலை லயம்வரை வந்தது, பேச்சு வரவில்லை. அதை நடத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தங்கள் மக்களுக்கு அவர்கள் உண்மையாக உழைத்தார்கள். நம் மக்களுக்காக அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார நம்மிடையே அன்று போதிய ஆட்கள் இருக்கவில்லை. இன்று இந்த மண்டபம் நிறைய இருக்கிறீர்கள்.

பிறகு நெனசல என்ற கணினி நிலையங்கள் வந்தன. விகாரைகளிலும் கோயில்களிலும் நூலகங்களிலும் கணினி வைத்தார்கள். 2014இல் அந்தத் திட்டத்துக்குக் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. என் எண்ணத்தில், அக்கறையோடு சொல்லிக்கொடுக்க ஒருவர் நிலைத்திருந்த இடத்தில்தான் அந்தக் கணினியால் ஊருக்குப் பயன் கிடைத்தது.

கொரோனாக் காலம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021இல் பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து மலைப்பாறைக்கு ஏறிய படத்தை உலகப் பத்திரிகைகள் போட்டன. படம் எடுக்க யாரும் வராத மலைகள் இங்கே எத்தனையோ. வீட்டுக்கு ஒரே ஒரு போன், அதில் மூன்று பிள்ளைகளின் வாட்ஸ்அப் பாடம். ரீலோட் போட்டால் அரிசிக்குக் குறையும் என்று யோசித்த அம்மாமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

இன்று போன் பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது. சில தோட்டங்களில் கொழுந்து நிறுப்பதற்கு மின்னணுத் தராசும் வந்துவிட்டது. நாள் முழுக்கப் பறித்த கொழுந்தின் எடை திரையில் ஓர் எண்ணாகத் தெரிகிறது. எடையில் கழிவு எவ்வளவு போட்டார்கள், சம்பளப் பதிவான செக்ரோலில் எந்த எண் ஏறியது என்பதைக் கொழுந்து பறித்த அக்காவால் தானே பார்த்துச் சரிபார்க்க முடிய வேண்டும். முடியாவிட்டால் கங்காணியின் குறிப்புப் புத்தகத்துக்கும் இந்தத் திரைக்கும் அவரைப் பொறுத்தவரை என்ன வேறுபாடு? சேமலாப நிதி விண்ணப்பமும் வங்கியின் ரகசிய எண்ணும் அப்படித்தான். வாசித்துச் சொல்கிறேன் என்று அந்த எண்ணை வாங்கி ஏமாற்றுபவனும் அதே போன் வழியாகத்தான் வருகிறான்.

உயிருக்கே ஆபத்தான நேரமும் உண்டு. 2025 நவம்பரில் தித்வா புயல் அடித்தபோது இந்த மலைகள் சரிந்தன. பாதை போனது, மின்சாரம் போனது, தொடர்பும் போனது. மலைச்சரிவில் கட்டிய லயத்தில் படுத்திருப்பவருக்கு மண்சரிவு எச்சரிக்கை உரிய நேரத்தில், தமிழில், அவர் கையிலேயே கிடைக்க வேண்டும்.

பட்டதாரிகளே, நீங்கள் கொழும்புக்குப் போவீர்கள், வெளிநாடும் போவீர்கள். போங்கள், நன்றாக இருங்கள். எங்கே இருந்தாலும் உங்கள் தோட்டத்து டிவிசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயில் மண்டபம் போதும். நாலு பேர் சேர்ந்தால் கொத்மலைக்காரர்கள் செய்ததை நீங்களும் செய்யலாம், இந்த முறை தமிழில். பெரியவர்கள் கேள்வி கேட்கட்டும், நீங்கள் அவர்கள் முன்னாலேயே தேடிக் காட்டுங்கள். அவர்கள் போனை வாங்கி நீங்களே செய்துகொடுத்துவிடாதீர்கள். நேரமானாலும் அவர்கள் விரலே திரையைத் தொடட்டும்.

தொலைத்தொடர்புக் கோபுரமும் கேபிளும் உங்கள் தொண்டால் வராது. அது அரசின் கடமை, கம்பனிகளின் கடமை. அதைக் கேட்க உங்கள் கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் சிக்னல் இல்லையென்றால், எப்போது வரும், ஏன் வரவில்லை என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். இந்த வாரமே எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், டிவிசனில் உள்ள எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள்.