நோயாளியின் இரகசியமும் கணிப்பொறியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைத்தியரிடத்தில் எதையும் ஒளித்தலாகாது என்பது நம் முன்னோர் கொள்கை. ஒளியாது உரைப்பவனுக்கு, உரைத்தது வெளியேறாது என்னும் உறுதி வேண்டுமன்றோ? அவ்வுறுதி முற்காலத்தில் வைத்தியர் ஒருவருடைய நாவடக்கத்தில் அடங்கியிருந்தது. இக்காலத்திலோ நோயாளியின் வரலாறு கணிப்பொறியிற் பதிவாகிப் பலர் கைப்படுகின்றது.

இதனால் விளையக்கூடிய கேட்டிற்குப் பின்லாந்து தேசத்து நிகழ்ச்சியொன்று சான்றாகும். அங்கே வாஸ்தாமோ என்னும் மனநலச் சிகிச்சை நிலையம் பல ஊர்களில் நடைபெற்று வந்தது. மனைவி மக்களிடத்தும் கூறாத துயரங்களை அங்கே வந்தோர் கூறினர். அவையெல்லாம் கணிப்பொறியிற் குறிக்கப்பெற்றன. தக்க காவலின்மையால், ஏறக்குறைய 33,000 பேருடைய பதிவுகள் களவுபோயின. 2020 அக்டோபரில் அச்செய்தி வெளியாயிற்று. நிலையத்தாரிடம் கேட்ட பெருந்தொகை கிடையாமற்போகவே, திருடன் நோயாளிகளுக்கே கடிதம் விடுத்து, 200 யூரோ தராவிடின் அவர்தம் இரகசியத்தை உலகறியச் செய்வதாக அச்சுறுத்தினான். 2021-இல் அந்நிலையம் திவாலாயிற்று. 2024-இல் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆறாண்டுக்கு மேற்பட்ட சிறைவாசம் விதித்தது. ஆயினும் என்ன? களவுபோன பொன் மீளுதல் கூடும். களவுபோன இரகசியம் மீளாது.

இதுகொண்டு கணிப்பொறியே வேண்டாவென்பது பேதைமையாகும். அயலூரில் மூர்ச்சித்து விழுந்தவனுக்கு ஒவ்வாத மருந்து இன்னதென்று, பதிவிருப்பின், நொடிப்பொழுதிற் காட்ட வல்லதும் அதுவே. வேண்டுவது காவல்.

நம் நாட்டுச் சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மர், அந்தரங்கம் அடிப்படை உரிமையென ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டே இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம், இரகசியங் காக்கும் உரிமை கணிப்பொறிப் பதிவுகளுக்கும் உண்டென்கின்றது. தனிமனிதர் விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரையில் தண்டம் வகுத்துளது 2023-ஆம் ஆண்டுச் சட்டம். எனினும், ஒருவன் தன் சொந்தக் காரியமாகவும் வீட்டுக் காரியமாகவும் கையாளும் செய்திகளில் அச்சட்டம் தலையிடுவதில்லை. அவ்விடத்து நமக்குக் காவல் நம் ஒழுக்கமே.

அன்பர்களே! நம்மவருள் ஒருவர் நோயுற்றால், பொருளுதவி வேண்டி, அவருடைய பரிசோதனைச் சீட்டைப் படமெடுத்து வாட்ஸாப் குழுக்களிற் பரப்புகின்றோம். நோக்கம் நல்லதே. ஆனால் பணம் சேர்ந்த பின்னும், நோய் தீர்ந்த பின்னும், அப்படம் நூறு கைகளில் உலவும். பிற்காலத்தில் அவர் மகளுக்கு வரன் பேசுங்கால் அச்சீட்டே குறுக்கே நிற்கும். இதற்கு அஞ்சிப் பலர் நோயையே மறைப்பர். மறைத்த நோய் முற்றிக் கொல்லும்.

ஆகையால் நான்கு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். நோயாளி தாமே இசைந்தாலன்றி அவர் சீட்டை எவருக்கும் அனுப்பற்க. உதவி வேண்டுவோர் காரியதரிசியிடம் மட்டும் விவரங் கூறுக. சங்கம் பெயரும் நோயும் வெளியிடாமலே நிதி திரட்டுக. ஆஸ்பத்திரியில் கையொப்பங் கேட்டால், இஃது எதற்கு, யார் காண்பர் என வினவியே இடுக.

பிறர் நோயைப் பேசாதிருத்தலும் ஒரு மருந்தென்று கூறி அமைகின்றேன்.