காளான் தெரியும்வரை காத்திருக்கலாமா?



தாத்தா பால்மரம் சீவினார், அப்பா செம்பனைக் குலை வெட்டினார் என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். இன்று ஐந்து, பத்து ஏக்கர் செம்பனையைச் சொந்தமாக வைத்திருப்போரும் உண்டு. அந்த மரத்தைச் சத்தமின்றித் தின்னும் அடித்தண்டு அழுகல் நோயைப் பற்றியதே இன்றைய அரங்கம்.

இதற்குக் காரணம் கானோடெர்மா என்னும் பூஞ்சைக் காளான். 1931-ஆம் ஆண்டிலேயே மலாயாவில் இது செம்பனையில் பதிவாகியுள்ளது. அப்போது 25 வயதைத் தாண்டிய முதிய மரங்களில்தான் காணப்பட்டது. பின்னாளில் 10, 15 வயது மரங்களையும் தாக்கத் தொடங்கியது. பழைய தென்னை, செம்பனைக் கட்டைகளை மண்ணிலேயே விட்டுவிட்டு மறுநடவு செய்தால், நோயும் அங்கேயே தங்கிவிடுகிறது. புதுக்கன்றின் வேர் அந்தக் கட்டையைத் தொடும்போது நோய் தொற்றுகிறது.

குருத்துகள் விரியாமல் நிற்கும், ஓலை வெளிறும், கீழ் மட்டைகள் ஒடிந்து பாவாடைபோல் தொங்கும். பலர் இதை வறட்சி என்றோ உரக்குறைவு என்றோ நினைத்து மேலும் உரம் வாங்கிப் போடுகிறார்கள். ஆனால், ஓலையில் அறிகுறி தெரியும் வேளையில் அடித்தண்டின் உட்பகுதி பாதியாவது அழுகியிருக்கும் என்பதே உண்மை.

கண்ணுக்குத் தெரியாததை ஆய்வுக்கூடம் காட்டிக் கொடுக்கிறது. அடிமரத்தில் துளையிட்டு எடுக்கும் மரத்தூளை, இந்தக் காளானுக்கென்றே தயாரித்த ஊட்டக்கூழில் வைக்கிறார்கள். கானோடெர்மா இருந்தால் சில நாள்களில் அதைச் சுற்றிப் பழுப்பு வளையம் தோன்றும். மரபணுச் சோதனையான பிசிஆர் மூலம் அதன் இனத்தையும் உறுதிப்படுத்தலாம். இது அவசியம். ஏனெனில், கானோடெர்மா போனினென்ஸ் உயிருள்ள மரத்தைக் கொல்லும். அதன் உறவான டோர்னாட்டம் பட்ட மரத்தில் மட்டுமே வாழும்.

மாதிரி சரியில்லை என்றால் முடிவும் சரியிருக்காது. முற்றிலும் அழுகிய பகுதியில் வேறு பல கிருமிகள் புகுந்திருக்கும். எனவே, அழுகலும் நல்ல பகுதியும் சந்திக்கும் இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு மரத்தைத் துளைத்த கருவியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மரத்தில் பயன்படுத்தக் கூடாது. எந்த வரிசை, எத்தனையாவது மரம் என்று குறித்து வைத்தால், நோய் பரவும் திசையும் தெரியவரும்.

முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால், முன்கூட்டியே தெரிந்தால் அடிமரத்தைச் சுற்றி மண் அணைத்து, மரத்தின் ஆயுளைச் சில ஆண்டுகள் நீட்டலாம். மறுநடவின்போது நோயுற்ற கட்டையையும் வேரையும் தோண்டி அகற்றலாம்.

சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை வழங்க மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களை நாடத் தயங்க வேண்டாம். தினமும் மரத்தடியில் நிற்பவர் தொழிலாளிதான். “இந்த மரம் சரியில்லை” என்று அவர் சொல்லும் நாளிலேயே பரிசோதித்தால், பக்கத்து மரங்களையாவது காப்பாற்றலாம். காளான் குடை விரித்த பிறகு வருந்திப் பயனில்லை.