அலுவலக நேரத்தில் பத்து நிமிடம்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "மனுவைக் கையில் ஏந்தி மக்கள் வாசலில் நிற்கிறார்கள், உள்ளே ஊழியர்கள் கையை வீசிக் காலை நீட்டுகிறார்கள். இதற்குத்தானா சம்பளம்?" என்று வினவினார். கேள்வி நியாயமானது. அன்று நேரமில்லை, இன்று பதில் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

எங்கள் அலுவலகத்தில் காலை 11 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் பத்து நிமிடம் தேகப்பயிற்சி நடைபெறுகிறது. எங்களுடன் பணியாற்றிய எழுத்தர் ஒருவர், வயது 42, கோப்பு எழுதிக்கொண்டிருந்தபோதே வலக்கை செயலிழந்து நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் இருந்தது மருத்துவமனையில்தான் தெரியவந்தது. உயிர் பிழைத்தார், இன்று இடக்கையால் கையெழுத்திடப் பழகிவருகிறார். பயிற்சி செய்திருந்தால் தப்பியிருப்பார் என்று சொல்ல நாங்கள் மருத்துவர் அல்லோம். ஆனால் இத்தனை ஆண்டுகளில் வேலை முடிந்ததா என்று கேட்டோமேயன்றி, சற்று எழுந்து நடங்கள் என்று ஒருநாளும் சொன்னோமில்லை.

இது குறித்து இலண்டன் மாநகரில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் போக்குவரத்துத் தொழிலாளர் சுமார் 31,000 பேரைக் கவனித்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்நகரின் அன்றைய பேருந்துகள் பல இரண்டடுக்கு உடையவை. ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுக்க நாளொன்றுக்குச் சுமார் 600 படிகள் ஏறுவார். ஒரே வண்டி, ஒரே நிறுவனம். ஆயினும் நடத்துநரிடையே மாரடைப்பு குறைவு, திடீர் மரணம் இன்னும் குறைவு. ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாக இருந்ததையும் அதே குழுவினர் 1956-இல் மறைக்காமல் எழுதினர். எனவே எல்லாப் பெருமையையும் படிக்கட்டுக்கே கொடுத்துவிட முடியாது. எனினும் பின்னர் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் உடலசைவின் நன்மையை உறுதிப்படுத்தியுள்ளன. தசை இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துச் செலவிடுகிறது. ஓடாமல் கிடக்கும் பம்பு இறுகிப்போவதை விவசாயிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

"உழைக்கும் எங்களுக்கு இது எதற்கு?" என்று சிலர் எண்ணலாம். ஏர் பிடித்து நடந்தவர் இன்று டிராக்டர்மீது அமர்ந்திருக்கிறார். கவலை இறைத்த இடத்தில் மோட்டார் ஓடுகிறது. வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறோம். கஷ்டம் குறைந்தது நல்லதே. ஆனால் நடத்துநராக இருந்த நாம் நம்மையறியாமல் ஓட்டுநராகிவிட்டோம்! நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அது பட்டணத்து நோய் என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது.

வீட்டில் செய்தால் என்ன என்றும் கேட்கலாம். எங்கள் பெண் ஊழியர் பலர் விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பேருந்து பிடித்து வருகிறார்கள். அவர்களுக்கு எந்த நேரத்தை ஒதுக்கச் சொல்வது? ஜப்பானில் 1928-இல் தொடங்கிய வானொலித் தேகப்பயிற்சியைப் பல தொழிற்சாலைகளில் தொழிலாளர் ஒன்றாக நின்று செய்கின்றனர். சில நிமிடமே ஆகும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. எங்கள் இருபது நிமிடத்துடன் சிறிது நடையும் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும்.

தூய்மைப் பணியாளர் விஷயம் வேறு. குட்டை விளக்குமாற்றால் காலை முழுதும் குனிந்து பெருக்கும் பெண்ணிடம் போய்க் குனிந்து நிமிரச் சொல்வது பரிகாசமாகும். அவருக்கு வேண்டியது நீண்ட கைப்பிடியுள்ள விளக்குமாறு, இடையே உட்கார நிழல், குடிநீர். இவற்றைக் கொடுத்த பிறகு முதுகை நேராக்கும் எளிய அசைவுகளைக் கற்றுத்தரலாம். தேகப்பயிற்சியைக் காட்டி நல்ல கருவியைத் தட்டிக்கழிக்கக்கூடாது.

இனி, மனுவோடு நிற்பவர் குறை. ஊழியர் இரு பிரிவாகப் பிரிந்து மாறிமாறிப் பயிற்சி செய்ய இவ்வாரம் முதல் ஏற்பாடு செய்துள்ளோம். மனு வாங்கும் மேசை ஒருபோதும் காலியாக இராது. வாசலில் பெஞ்சும் போட்டாயிற்று. இதை முதலிலேயே செய்யாதது எங்கள் தவறு.

மார்வலியோ தலைசுற்றலோ உடையவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொள்ளாமல் பயிற்சியில் இறங்க வேண்டாம். முப்பது வயது கடந்த பஞ்சாயத்து ஊழியர் அனைவருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு நாளைக் குறித்துத் தாருங்கள். டாக்டரை அழைத்து வருவது எங்கள் பொறுப்பு. நீண்ட கைப்பிடி விளக்குமாறு வாங்கும் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. விலை சற்றுக் கூடுதல் என்று அதைத் தள்ளிவைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.