யந்திரப் பாம்பு
(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

தோழர்களே!

இன்று நாம் பாம்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசப் போகிறோம். பயப்பட வேண்டாம். நாம் பேசப் போவது புராணப் பாம்பைப் பற்றியல்ல. யந்திரப் பாம்பைப் பற்றியே.

நம் ஜனங்கள் பாம்பை ஆதிசேஷன் என்றும் நாகாத்தம்மன் என்றும் கும்பிடுகிறார்கள். எலியும் தவளையும் தின்னும் பிராணிக்குப் புற்றிலே பால் வார்க்கிறார்கள். பிள்ளை பிறக்காவிட்டால் நாகதோஷம் என்று சொல்லிப் பணம் பறிக்கவும் ஆளிருக்கிறது. ஆனால், காலே இல்லாத இப்பிராணி எப்படி ஓடுகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? கடவுள் என்று சொல்லிவிட்ட பிறகு கேள்வி ஏது?

ஜப்பான் தேசத்து எஞ்சினியர் ஷிகியோ ஹிரோஸே என்பவர் கேட்டார். பாம்பு ஊர்வதை அளந்து பார்த்தார். பாம்பின் வயிற்றுச் செதில் முன்பக்கமாய்ச் சுலபத்தில் வழுக்கும்; பக்கவாட்டில் அப்படி வழுக்காது. ஆகவே உடலை அலையலையாய் வளைத்துத் தரையைப் பக்கவாட்டில் தள்ளினால் உடல் முன்னே போகும். ரகசியம் இவ்வளவுதான். 1972-ல் அவர் 20 கணுக்களும் சுமார் 2 மீட்டர் நீளமும் உள்ள யந்திரப் பாம்பைச் செய்தார். அதன் அடியிலுள்ள சிறு சக்கரங்களைச் சுழற்ற மோட்டார் கிடையாது. முன்னே உருளும், பக்கவாட்டில் நகராது என்பதால் அவை செதிலின் வேலையைச் செய்தன. மோட்டார்கள் கணுக்களை மாத்திரம் வளைத்தன, யந்திரம் ஊர்ந்தது. மந்திரமுமில்லை, மகுடியுமில்லை.

நிற்க, இதனால் பயன் என்ன? 2017 செப்டம்பரில் மெக்ஸிகோ நகரில் பூகம்பம் உண்டானபோது, அமெரிக்காவின் கார்னகி மெல்லன் சர்வகலாசாலையார் செய்த யந்திரப் பாம்பு, தலையில் காமிராவுடன், இடிந்த கட்டடத்தின் இடுக்கில் நுழைந்து தேடிற்று. உயிரோடு யாரும் அகப்படவில்லை. அதை மறைப்பது நம் வேலையல்ல. யந்திரத்தில் குறையிருந்தால் அடுத்ததில் திருத்தலாம். சாஸ்திரத்தில் திருத்த விடுவார்களா?

இனி நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். பாதுகாப்பின்றிச் சாக்கடைக் குழிக்குள் மனிதனை இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ஆயினும் இறக்குகிறார்கள், விஷவாயுவில் சாகிறார்கள். இறங்குகிறவன் எந்த ஜாதியான் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. குழாய்க்குள் போய்ப் பார்க்க யந்திரப் பாம்பு உண்டு. குழியைச் சுத்தம் செய்ய, கேரளத்து வாலிபர்கள் செய்த 'பாண்டிகூட்' என்ற யந்திரம் 2018-லேயே திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்துவிட்டது. ஆகவே, யந்திரம் இல்லாமலா மனிதன் சாகிறான்? அவன் உயிர் மலிவு என்று நினைக்கும் ஜாதிப் புத்தியாலேயே சாகிறான்.

ஆதலால் தோழர்களே! புற்றில் வார்க்கும் பாலைக் குழந்தைக்குக் கொடுங்கள். தோஷத்துக்கு அழும் பணத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் நகரசபையாரிடம், "குழிக்குள் மனிதன் எதற்கு? யந்திரம் எங்கே?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.