நாங்கள் செய்த பெட்டி
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் குருக்கள்மடத்துப் பழைய மாணவிகள் ஆற்றிய உரை)



மேடை ஓரத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கண்டிருப்பீர்கள். சற்று முன் பிள்ளைகள் வாசித்த கிற்றாரின் ஒலி அதிலிருந்துதான் வந்தது. அதைச் செய்தவர்கள் நாங்கள் நால்வர். அந்தக் கதையைச் சொல்லவே எங்களை அழைத்தார்கள்.

இசைக்குழுவின் பழைய அம்பிளிபயர் தூள்பலகைப் பெட்டியில் இருந்தது. எழுவான்கரையின் உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் பட்டு அந்தப் பலகை ஊதி உதிர்ந்துவிட்டது. உள்ளே இருந்த 12 அங்குல ஸ்பீக்கரும் மின்பகுதியும் பழுதில்லை. ஆனாலும் எறிந்துவிடலாம் என்றார்கள். புதிது வாங்கப் பணமில்லை. எறிந்தால் இந்த விழாவில் பிள்ளைகளின் கிற்றார் ஒலித்திராது.

எங்கள் காலத்தில் ஆண்பிள்ளைகளுக்கு மரவேலை, எங்களுக்கு மனையியல். வாளையும் உளியையும் எங்கள் கையில் யாரும் தந்ததில்லை. ஆனால் மட்டக்களப்பில் மரவேலையும் கிற்றாரும் ஒரே வீட்டில் வாழ்ந்ததை நாங்கள் அறிவோம். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் தச்சுவேலைக்குப் பேர்பெற்றவர்கள். கலியாண வீட்டில் வயலினும் கிற்றாரும் வாசித்துக் கபரிஞ்ஞா ஆடியவர்களும் அவர்களே. 2004 சுனாமி டச்பாரில் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. அவர்களை நினைத்துக்கொண்டுதான் குருக்கள்மடத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் வேலையைத் தொடங்கினோம்.

18 மில்லிமீற்றர் பிளைவுட் வாங்கினோம். 20 அங்குல அகலம், 18 அங்குல உயரம், 10 அங்குல ஆழம் என்று வெட்டினோம். மூலைகளில் உள்ளே மரச்சட்டம் வைத்து, பசை பூசி, பித்தளைத் திருகாணிகளால் இறுக்கினோம். இரும்புத் திருகாணி எங்கள் ஊர்க் காற்றில் துருப்பிடித்துவிடும்.

முதல் பிழை முகப்புப் பலகையில் நடந்தது. 12 அங்குல ஸ்பீக்கர்தானே என்று 12 அங்குல வட்டம் வெட்டினோம். ஸ்பீக்கர் துளைவழியே நேராக உள்ளே போய்விட்டது! 12 அங்குலம் என்பது அதன் வெளிவிளிம்பின் அளவு. துளை ஏறக்குறைய 11 அங்குலம்தான் இருக்கவேண்டும். ஒரு பலகை வீண். அடுத்ததில் வாளை எடுக்குமுன் மூன்று முறை அளந்தோம்.

ஸ்பீக்கரின் பின்புறத்திலிருந்தும் ஒலி வரும். அது முன்புற ஒலியோடு கலந்தால் தாழ்ந்த சுரங்கள் மெலியும். முதுகை முழுதாக மூடினால் அந்தச் சுரங்கள் கனமாகும். 1960களில் லண்டனில் ஜிம் மார்ஷல் செய்த, நான்கு ஸ்பீக்கர் கொண்ட பெரிய பெட்டிகள் அப்படியானவை. அமெரிக்காவின் ஃபெண்டர் அம்பிளிபயர்கள் பலவற்றில் முதுகு பாதி திறந்திருக்கும். ஒலி அறை முழுவதும் பரவும். சிறிய மண்டபத்துக்கு அதுவே போதுமென்று, மேலும் கீழும் பலகை வைத்து நடுவில் இடைவெளி விட்டோம்.

மின்பகுதியை நாங்கள் தொடவில்லை. சில அம்பிளிபயர்களில், முக்கியமாக வால்வு வகையில், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயிரைப் பறிக்கும் அழுத்தம் தங்கியிருக்கும். வேலை தெரிந்தவரே அதைப் பொருத்தினார்.

முதல்நாள் வாசித்தபோது தடித்த தந்தியைத் தொட்டதும் பெட்டி உறுமியது. வீணையின் பலாமரக் குடம் தந்தியோடு சேர்ந்து பாடவேண்டும். இந்தப் பெட்டியோ தளர்ந்து அதிரக்கூடாது. ஒவ்வொரு திருகாணியாகக் கைவைத்துப் பார்த்தோம். பின்பலகையில் ஒன்று அரைச்சுற்றுத் தளர்ந்திருந்தது. இறுக்கினோம், உறுமல் நின்றது.

பிறகு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “அன்ரி, அடுத்த பெட்டியை நாங்களே செய்யலாமா?”

அவளுக்கு என்ன பதில் சொல்வது? எங்களிடமிருந்த கருவிகள் எல்லாம் இரவல். சங்கத்திடம் நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஒரு மேசை, இரண்டு வாள், மூலைமட்டம், உளி, ஒரு துளைகருவி. சனிக்கிழமைகளில் நாங்கள் வருகிறோம். வீணாகும் முதல் பலகையின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்த வேலை வராது.