இரும்பில் இறங்கிய நாகம்

ஜாவாத் தீவின் மரபுக் குத்துவாளாகிய கிரிஸின் வகைகளுள் 'நாகசாஸ்ரா' என்பதில், பிடியை ஒட்டிய தடித்த அடிப்பகுதியில் முடி சூடிய நாகத்தின் தலை செதுக்கப்பட்டிருக்க, அதன் உடல் அலகின் நெளிவுகளோடு நெளிந்து முனையை நோக்கி ஓடுகிறது. 'லுக்' எனப்படும் அந்நெளிவுகள் மரபுப்படி ஒற்றைப்படை எண்ணில் அமைவன. நேரான அலகு தவத்தில் அமர்ந்த நாகம் என்றும், நெளிந்த அலகு ஊர்ந்து செல்லும் நாகம் என்றும் ஜாவானியர் பொருள் கொள்கின்றனர்.

இந்நாகத்தின் பிறப்பிடம் எது? 'சாஸ்ரா' என்பது ஆயிரத்தைக் குறிக்கும் 'சகஸ்ர' என்னும் வடசொல்லின் திரிபாதலின், பெயர் கடல் கடந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெயரோடு பொருளும் முழுமையாக வந்திறங்கியது என்று கருதுவது பிழையாகும். இந்தியப் புராணங்களின் அனந்தன், 'வயாங்' என்னும் ஜாவாவின் பாவைக்கூத்தில் மண்ணுக்கடியில் வாழும் அந்தபோகன் என்னும் தெய்வமாகிப் பீமனுக்கே மாமனாராகிறான். மேற்கு ஜாவாவின் சுந்தா மக்கள் கதையிலோ அவன் கண்ணீர் முட்டையாக, அம்முட்டையிலிருந்து நெல்லின் தாயாகிய ஸ்ரீ தேவி பிறக்கிறாள். விளைச்சலுக்கு மூலமான அந்த நாகத்தையே, மண் ஈன்ற இரும்பில் 'எம்பு' எனப்படும் கொல்லர்கள் வடித்தனர்.

பிற விலங்குகளின் வரலாறும் இத்தகையதே. அலகின் அடியில் சுருண்டு நிற்கும் உறுப்பைப் பயற்றம்பூ என்றும் யானைத் துதிக்கை என்றும் அழைக்கின்றனர். துதிக்கை கொண்ட மகரம் போரோபுதூர் என்னும் பௌத்தக் கோயிலின் படிக்கட்டுகளை ஏற்கெனவே காத்து நின்றது. சிங்கம் வாழாத அத்தீவில், கதையிலும் சிற்பத்திலும் மட்டுமே கண்ட சிங்கம் 'சிங்க பாரோங்' என்னும் கிரிஸ் வடிவமாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் மத்தாராம் அரசர் சுல்தான் அகுங், பாதி என்னும் வட்டாரத்தில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய வீரர்களின் கிரிஸ்களில் யானையையும் சிங்கத்தையும் பொன்னால் பொறிக்கச் செய்தார் என்று மரபு கூறுகிறது. இஸ்லாமிய அரசிலும் பழைய விலங்குகள் வாழ்ந்தன என்பதற்கு இதுவே சான்று.

லாவு மலைச் சரிவில் உள்ள 15ஆம் நூற்றாண்டின் சுக்குக் கோயிற் புடைப்புச் சிற்பத்தில், பீமன் ஆயுதம் வடிக்க, அர்ச்சுனன் துருத்தி இயக்க, யானைமுகன் நடுவே ஆடுகிறான். அவ்வுலைக்களத்தில் கடல் கடந்து வந்த காவிய வீரர்கள் ஜாவாவின் கொல்லர்களாகிவிட்டனர். 2005இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவ மரபுச் செல்வமாக அறிவித்த கிரிஸில் யாளியின் சாயலைக் காணும் தமிழர், ஒப்புமை கண்ட இடத்தில் உரிமை கொண்டாடாது, வந்ததைத் தமதாக்கிக்கொண்ட அக்கொல்லரின் அறிவைப் போற்றுவதே கற்றோர்க்கு அழகாகும்.